வேலூரோடு சேர்ந்த ஊர்கள்: ஓர் உள்ளாட்சி இணைப்பின் வரலாறு

உள்ளாட்சி இணைப்பு என்பது ஒரு சிறிய உள்ளாட்சி அமைப்பைக் கலைத்து, அதன் எல்லை, மக்கள், சொத்து, கடன் ஆகியவற்றை அருகிலுள்ள பெரிய உள்ளாட்சியோடு சேர்ப்பதாகும். வேலூர் நகராட்சி 2008-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2011-இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம், தொரப்பாடி, செண்பாக்கம், கழிஞ்சூர் முதலிய ஊர்கள் அதனோடு சேர்ந்தன. இவ்வூர்களின் பெயர்களும் தெருக்களும் கோயில்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கென்று இருந்த மன்றங்களும் தலைவர்களும் இன்று இல்லை. இணைப்பில் ஒரு ஊர் எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது, எதை இழக்காமல் காத்துக்கொள்ளலாம் என்பதை வேலூர் வட்டார வரலாற்றைக் கொண்டும், பிரான்ஸ், புதுச்சேரி அனுபவங்களோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

கோட்டையும் சுற்றியிருந்த ஊர்களும்

வேலூர் நகரம் பாலாற்றின் தென்கரையில், மலைகளுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட குறுகிய சமவெளியில் அமைந்தது. பழைய நகரம் கோட்டையை ஒட்டி வளர்ந்தது. கிழக்கே சென்னை செல்லும் சாலையில் சத்துவாச்சாரியும், தெற்கே தொரப்பாடியும், மேற்கே செண்பாக்கமும் தனித்தனி ஊர்களாக இருந்தன. ஆற்றுக்கு வடகரையில் காட்பாடி, தாராபடவேடு, கழிஞ்சூர் ஆகியவை இருந்தன.

இவ்வூர்ப் பெயர்களைக் கவனித்தாலே அவை நகரத்தின் கிளைகள் அல்ல, தாமாகத் தோன்றிய குடியிருப்புகள் என்பது விளங்கும். செண்பாக்கத்தில் உள்ள ‘பாக்கம்’, தொரப்பாடியிலும் காட்பாடியிலும் உள்ள ‘பாடி’, கழிஞ்சூரில் உள்ள ‘ஊர்’ ஆகியவை தொண்டை மண்டலம் முழுவதும் காணப்படும் பழைய ஊர்ப்பெயர் ஈறுகள். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியே ஏரி, களத்துமேடு, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, அம்மன் கோயில் ஆகியவை இருந்தன. நகரத்துக்குள் ஒரு ‘நகர்’ உருவாகும்போது இவை தனியாக உருவாவதில்லை. ஊருக்குத்தான் இவை உண்டு.

இவ்வூர்கள் நகரத்தை நோக்கி ஈர்க்கப்பட்டதற்குச் சாலை, இரயில், அலுவலகம் ஆகிய மூன்றும் காரணமாயின. தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856-இல் சென்னை இராயபுரத்துக்கும் வாலாஜா ரோடு நிலையத்துக்கும் இடையே திறக்கப்பட்டது. அது பின்னர் மேற்கே நீண்டபோது முதன்மைப் பாதை வேலூர் நகருக்குள் வராமல், ஆற்றுக்கு வடக்கே காட்பாடி வழியாகச் சென்றது. எனவே வேலூருக்கு வருவோர் காட்பாடியில் இறங்கிப் பாலாற்றைக் கடந்து வர வேண்டியிருந்தது. காட்பாடி வளர இதுவே போதுமானதாயிற்று. 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூரிலிருந்து வேலூருக்கு வந்தது. பிற்காலத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் சத்துவாச்சாரியில் அமைந்தன. வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் அங்கே பகுதி பகுதியாக எழுந்தன. வயலாக இருந்த இடங்கள் மனைகளாயின.

இவ்வாறு மாவட்டத் தலைநகரின் தலைமை அலுவலகமே நகராட்சி எல்லைக்கு வெளியே, வேறொரு உள்ளாட்சியின் எல்லைக்குள் இருந்த நிலை உருவாயிற்று. நகரம் எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டது, எல்லைக்கோடு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. இணைப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மைக் காரணம் எங்கும் இதுதான்.

படிப்படியாக மாறிய நிர்வாகம்

சென்னை மாகாணத்தில் நகராட்சிகளுக்கு வழிவகுத்தது 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம். அடுத்த ஆண்டே, 1866-இல், வாலாஜாபேட்டையும் வேலூரும் நகராட்சிகளாயின. கிராமப்புறங்களுக்கு 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டம், 1920-ஆம் ஆண்டின் கிராம ஊராட்சிச் சட்டம், 1950, 1958-ஆம் ஆண்டுகளின் ஊராட்சிச் சட்டங்கள் என்று அடுத்தடுத்து வந்தன. 1960-ஐ ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. இப்போது நடைமுறையில் இருப்பது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்.

இந்தச் சட்டங்களின் வரிசையில் ஒரு ஊர் ஏறிச் செல்லும் படிகளும் உருவாயின. கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்பவை அப்படிகள். சத்துவாச்சாரியும் தாராபடவேடும் மக்கள்தொகை பெருகி, இணைப்புக்கு முன்பே மூன்றாம் நிலை நகராட்சிகளாக இருந்தன. அல்லாபுரம், தொரப்பாடி, செண்பாக்கம், கழிஞ்சூர் ஆகியவை பேரூராட்சிகளாக இருந்தன. அதாவது இவ்வூர்கள் தனித்தனியே படியேறிக்கொண்டிருந்தபோதே, எல்லாம் ஒரே மாநகராட்சிக்குள் அடங்கின.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கிராமம்’ என்ற சொல் அரசு ஆவணங்களில் இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று, வருவாய் கிராமம். நில அளவை, பட்டா, அடங்கல் ஆகியவை இதன் பெயரில் இருக்கும். இதன் பொறுப்பாளர் முன்பு கர்ணமும் கிராம முன்சீப்பும். 1980-இல் அப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பின் கிராம நிர்வாக அலுவலர். மற்றொன்று, கிராம ஊராட்சி. இது மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அமைப்பு. இணைப்பில் கலைக்கப்படுவது ஊராட்சிதான். வருவாய் கிராமம் அதனால் மறைந்துவிடுவதில்லை. ஊரின் பெயர் பத்திரங்களில் தொடர்வதும், ஊருக்கென்று ஒரு மன்றம் இல்லாமல் போவதும் ஒரே நேரத்தில் நிகழ்வது இதனால்தான்.

2008 முதல் 2011 வரை

1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தது. அதன்படி சேர்க்கப்பட்ட 243-கியூ பிரிவு, ஒரு பகுதியை நகரப் பகுதி என்று அறிவிக்கும்போது மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், வேளாண்மை அல்லாத தொழில்களில் ஈடுபட்டோர் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது. அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. இந்த அளவுகோல்களின் பட்டியலில் அவ்வூர் மக்களின் விருப்பம் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அறிவிப்பு வெளியிட்டு, கருத்தும் ஆட்சேபமும் கேட்டு, அரசு முடிவெடுப்பதே நடைமுறை.

வேலூர் நகராட்சி 2008 ஆகஸ்ட் 1 அன்று மாநகராட்சியாயிற்று. 2011-இல் சுற்றியுள்ள நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டு எல்லை விரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குட்பட்ட வேலூரின் மக்கள்தொகை 1,85,803. விரிந்த மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 88 சதுர கிலோமீட்டர். அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சம். வார்டுகள் 60, மண்டலங்கள் 4. முதல் மண்டலம் காட்பாடி, இரண்டாம் மண்டலம் சத்துவாச்சாரி. ஒரு காலத்தில் நகரத்தின் வடக்கு எல்லையாக இருந்த பாலாறு இப்போது மாநகராட்சியின் நடுவே ஓடுகிறது.

விரிந்த எல்லையில் 2011 அக்டோபரில் முதல் தேர்தல் நடந்தது. அம்மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் தமிழகம் முழுவதும் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தனர். கிராம ஊராட்சிகளுக்கும் இதே நிலைதான். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. ஆனால் தேர்தல் இல்லாத காலத்திலும் கிராமத்தில் ஒரு தனிச் செயலரும் ஒரு தனி அலுவலகமும் இருக்கும். இணைந்த ஊரில் அதுவும் இருக்காது.

இணைந்தபின் மாறுபவை

நன்மைகளை முதலில் சொல்வதே நியாயம். மாநகராட்சிக்குப் பொறியாளர், நகர்நல அலுவலர், துப்புரவுப் பணியாளர், வாகனங்கள் ஆகியவை உண்டு. சிறிய ஊராட்சியால் பெரிய குடிநீர்த் திட்டத்தையோ பாதாளச் சாக்கடையையோ தனியாக நிறைவேற்ற முடியாது. மத்திய அரசின் சீர்மிகு நகரங்கள் திட்டத்தில் 2016 செப்டம்பரில் வேலூர் தேர்வானது. அதன் நிதி மாநகராட்சி என்ற தகுதியால் வந்தது. இணைந்த பகுதிகளும் அதில் பங்கு கேட்க முடிந்தது. பாலாறு வறண்ட வட்டாரத்துக்கு மேட்டூரிலிருந்து காவிரி நீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் இங்கே குறிப்பிடலாம். அதில் மாநகராட்சியும் நகராட்சிகளும் கிராமக் குடியிருப்புகளும் ஒன்றாகப் பயன்பெறுகின்றன. எனவே பெரிய திட்டத்தில் சேர்வதற்கு இணைப்பு ஒன்றே வழி என்று சொல்லிவிடவும் முடியாது.

இனி மாறுபவற்றைப் பார்க்கலாம்.

முதலாவது, கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. வரவு செலவுக் கணக்கை அங்கே படிக்க வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை கூலித் தொழிலாளிக்கும் உண்டு. மாநகராட்சியில் இதற்கு நிகராக வார்டுக் குழுவும் பகுதி சபாவும் 2022-இல் நடைமுறைக்கு வந்தன. வேலூர் வட்டாரத்தில் ஊர்கள் இணைந்தது 2011-இல். இடையில் இருந்த பதினொரு ஆண்டுகளில் அவ்வூர்களின் வாக்காளருக்கு நேரடியாகப் பேசும் சபை எதுவும் இல்லை.

இரண்டாவது, பிரதிநிதித்துவம். ஒரு சிறிய ஊராட்சிக்கு ஒரு தலைவரும் பல வார்டு உறுப்பினர்களும் இருப்பர். மாநகராட்சியில் 5 லட்சம் பேருக்கு 60 உறுப்பினர் என்றால், சராசரியாக 8,000 பேருக்கு மேல் ஒருவர். சிறிய ஊர் ஒன்று தனக்கென்று ஒரு வார்டு பெறாமல், பக்கத்துக் குடியிருப்போடு சேர்ந்து ஒரு வார்டின் பாதியாகிவிடவும் கூடும்.

மூன்றாவது, வரி. ஊராட்சியில் வீட்டு வரி குறைவு. மாநகராட்சியில் சொத்து வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை வைப்புத்தொகை என்று தலைப்புகள் கூடும். வசதி வரும் முன்பே வரி வந்துவிட்டது என்பது இணைந்த ஊர்களில் பொதுவாகக் கேட்கும் குறை.

நான்காவது, வேலை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. ஊர் நகரமானதும் அந்த உரிமை நின்றுவிடும். நிலமற்ற குடும்பங்களுக்கும் முதிய பெண்களுக்கும் இது பெரிய இழப்பு. ஓர் ஊரை நகரம் என்று அறிவித்ததால் அங்குள்ள விவசாயக் கூலிகளுக்கு மறுநாளே நகரத்து வேலை கிடைத்துவிடுவதில்லை. தமிழ்நாடு அரசு 2021-22-இல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கியது. ஆனால் அது சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட உரிமை அன்று.

ஐந்தாவது, பொது நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, களத்துமேடு, குட்டை, சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. புளியமர ஏலம், குட்டையின் மீன் குத்தகை ஆகியவற்றால் ஊராட்சிக்குச் சிறு வருவாயும் வரும். இணைப்புக்குப் பின் இவற்றின் பயன்பாட்டை முடிவு செய்வது மாநகராட்சி. இந்தக் களத்தில் இந்த மாதம் நெல் அடிப்பார்கள் என்பது அருகிலிருப்பவருக்குத்தான் தெரியும். தொலைவில் இருக்கும் அலுவலகத்தின் கோப்பில் அது வெறும் காலி இடம்.

ஆறாவது, பதிவுகள். கிராம ஊராட்சிப் பகுதியில் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். இணைந்த பின் அது மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு மாறும். நகர நில அளவை நடந்தால் பழைய புல எண்களுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண்கள் வரும். ‘ஏரிக்கரை வயல்’ என்று அடையாளம் சொல்லப்பட்ட நிலம் வெறும் எண்ணாகிவிடும்.

எல்லைக்கோடும் தோல் தொழிலும்

உள்ளாட்சி எல்லை என்பது வரைபடக் கோடு மட்டும் அன்று என்பதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரம் நன்கு அறியும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நகர எல்லைக்குள் மட்டும் இல்லை. ஆம்பூரை அடுத்த துத்திப்பட்டு போன்ற ஊர்களிலும் அவை பரவியுள்ளன. தொழிலின் பெயரும் வாணிகமும் நகரத்தோடு அறியப்பட, கழிவுநீர் இறங்கிய நிலமும் கிணறும் பெரும்பாலும் கிராமங்களுடையவை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. தமிழகத்தில் 900-க்கும் மேற்பட்ட தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருப்பதாகவும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியிழந்ததாகவும் அத்தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது.

நகரக் குப்பையின் கதையும் இதைப் போன்றதே. வேலூரின் குப்பை பல ஆண்டுகள் சதுப்பேரி ஏரிப் பகுதியில் கொட்டப்பட்டது. நகரத்தின் கழிவு அருகிலுள்ள ஏரியைத் தேடிப் போகிறது. அப்போது அந்த ஏரியை நம்பியிருக்கும் ஊருக்குத் தன் பெயரில் தீர்மானம் நிறைவேற்ற ஒரு மன்றம் இருக்கிறதா என்பது முக்கியமாகிறது. தீர்மானத்தால் மட்டும் குப்பை நின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் ஆட்சியரிடமோ நீதிமன்றத்திலோ முறையிடும்போது, ஊர் முழுவதின் எதிர்ப்புக்கு எழுத்து வடிவச் சான்று அதுதான்.

பிரான்சில் ஒரு வேறு வழி

ஊர்களை இணைக்கும் சிக்கலை நெடுங்காலமாகச் சந்தித்துவரும் நாடு பிரான்ஸ். 1789 டிசம்பர் 14 அன்று இயற்றப்பட்ட சட்டம், பழைய தேவாலயப் பங்குகளையும் நகரங்களையும் ஒரே வகையான உள்ளாட்சிகளாக மாற்றியது. இவற்றுக்குக் கம்யூன் என்று பெயர். தலைநகர் பாரிசும் ஒரு கம்யூன், 100 பேர் வாழும் மலைக்கிராமமும் ஒரு கம்யூன். இன்று அந்நாட்டில் சுமார் 35,000 கம்யூன்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் உண்டு. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் கம்யூன் மன்றக் கட்டடத்தில் இருக்கும்.

முதல் உலகப் போரில் வெர்டன் போர்க்களத்தில் அழிந்த ஆறு கிராமங்கள் மீண்டும் கட்டப்படவில்லை. அங்கே குடியிருப்போர் யாரும் இல்லை. ஆயினும் அவை இன்றும் கம்யூன்களாகவே உள்ளன. வாக்காளர் இல்லாததால் அவற்றின் மேயரை அரசு நியமிக்கிறது. மறைந்த ஊரை நினைவில் வைக்க அந்நாடு தேர்ந்த வழி இது.

இத்தனை சிறு உள்ளாட்சிகளை வைத்து நிர்வாகம் நடத்துவது எளிதன்று. 1971-இல் உள்துறை அமைச்சர் மார்செலன் காலத்தில் வந்த சட்டம் இணைப்புகளைத் தூண்டியது. பெரிய பலன் கிடைக்கவில்லை. இணைந்த சில ஊர்கள் பின்னர் பிரிந்தும் போயின. 2010 டிசம்பர் 16-ஆம் நாள் சட்டம் ‘புதிய கம்யூன்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. 2015-இல் நிதிச் சலுகைகள் சேர்க்கப்பட்டன. மன்றங்கள் தாமே முன்வந்து தீர்மானித்து இணைவதே இதில் வழக்கமான வழி. மன்றங்கள் அனைத்தும் உடன்படாதபோது வாக்காளர்களின் வாக்கெடுப்புக்கு இடம் உண்டு.

மேற்குப் பிரான்சில் உள்ள போஜே ஆன் ஆன்ஜு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போஜே என்ற சிறுநகரமும் அதைச் சுற்றியிருந்த நான்கு கிராமங்களும் 2013 ஜனவரி 1 அன்று ஒரே கம்யூன் ஆயின. அந்த நான்கில் ஒன்று வியே போஜே, அதாவது பழைய போஜே. 1421-இல் பிரெஞ்சு, ஸ்காட்லாந்துப் படைகள் ஆங்கிலேயரை வென்ற போர் அங்கேதான் நடந்தது. முறுக்கிவிட்டது போன்ற கூம்புக் கோபுரம் கொண்ட தேவாலயமும் அவ்வூரில் உண்டு. இவ்வளவு பழமை கொண்ட ஊர், சிறுநகரத்தோடு சேர்ந்துவிட்டது.

ஆனால் அங்கே சட்டம் ஓர் இடைநிலையை வைத்திருக்கிறது. இணைந்த ஊர் தன் பழைய பெயரோடு ஒரு துணைக் கம்யூனாகத் தொடரலாம். அதற்கு ஒரு துணை மேயர் உண்டு. பழைய மன்றக் கட்டடம் கிளை அலுவலகமாகத் திறந்திருக்கும். பதிவேடுகளுக்கும் சிறு தேவைகளுக்கும் மக்கள் அங்கேயே போகலாம். புதிய மன்றம் விரும்பினால் இந்த ஏற்பாட்டைக் கைவிடவும் முடியும். ஆகவே இது நிரந்தரக் காப்பு அன்று. எனினும், இணைந்த ஊருக்கு ஒரு கதவும் ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

புதுச்சேரி: தமிழ் நிலத்தில் கம்யூன்

இந்தப் பிரெஞ்சு முறை தமிழருக்கு முற்றிலும் புதிதன்று. 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் கம்யூன்கள் அமைக்கப்பட்டன. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் ஆகியவை தொடக்கத்தில் புதுச்சேரிப் பகுதியின் கம்யூன்கள். பின்னர் எண்ணிக்கை கூடி முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், திருபுவனை ஆகியவையும் தனிக் கம்யூன்களாயின. 1954 மார்ச்சில் இந்தக் கம்யூன் மன்றங்கள் இந்தியாவோடு இணையத் தீர்மானம் நிறைவேற்றியதால் விடுதலை இயக்கம் வலுப்பெற்றது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்திய இணைப்பை ஆதரித்தனர். ஒரு சிறிய ஊரின் மன்றத்துக்கு எவ்வளவு வலிமை இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

1973-இல் இயற்றப்பட்ட சட்டங்கள் 1974 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது மேயர்கள் இருந்த பழைய முறை முடிந்தது. முதலியார்பேட்டை கம்யூன் புதுச்சேரி நகராட்சிக்குள் அடங்கியது. முதலியார்பேட்டை, பஞ்சாலைத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் புதுச்சேரியில் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வோடு அதன் பெயரும் நினைக்கப்படுகிறது. இன்று அது நகரின் ஒரு பகுதி. புதுச்சேரியில் 1968-க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது. கம்யூன் என்ற சொல் மட்டும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பெயரில் இன்றும் அங்கே வழங்குகிறது. பெயர் நிலைத்தாலும் மன்றம் செயல்படுவதற்கு உறுதி இல்லை என்பதை இது காட்டுகிறது.

இன்றைய இணைப்பு அலை

2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜனவரித் தொடக்கத்திலும் தமிழ்நாடு அரசு பெரிய அளவில் இணைப்பு ஆணைகளை வெளியிட்டது. 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்குதல், 13 புதிய நகராட்சிகளையும் 25 புதிய பேரூராட்சிகளையும் அமைத்தல் ஆகியவை அவற்றில் அடங்கும். நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகள் இதில் தொடர்புடையவை. பல மாவட்டங்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகங்களில் மனு அளித்தனர், மறியல் செய்தனர். நூறு நாள் வேலை போய்விடும், வரி உயரும் என்பவையே அவர்கள் சொன்ன முதன்மைக் காரணங்கள்.

வேலூரில் முன்னரே இணைந்த ஊர்களின் அனுபவம் இங்கே பயன்படும். சத்துவாச்சாரியும் காட்பாடியும் இணைப்புக்கு முன்பே வாழ்க்கை முறையில் நகரமாகிவிட்டவை. அலுவலகமும் இரயிலடியும் கல்லூரியும் அங்கே வந்துவிட்டன. அவற்றுக்கு மாநகராட்சி பொருந்தியது. பாதி வயலும் பாதி மனையுமாக உள்ள ஊருக்கு அதே அளவுகோல் பொருந்துமா என்பதை வருவாய்க் கணக்கைக் கொண்டு மட்டும் முடிவு செய்யக் கூடாது. வேளாண்மையில் உள்ளோர் விகிதத்தையும் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது.

இணைப்பு தவிர்க்க முடியாத இடங்களில்கூடச் சில ஏற்பாடுகளைச் செய்ய முடியும். இணைந்த ஊரின் பழைய ஊராட்சி அலுவலகத்தை வாரத்தில் சில நாட்களாவது திறந்திருக்கும் கிளை அலுவலகமாக வைக்கலாம். பகுதி சபாவின் எல்லையைப் பழைய ஊரின் எல்லையோடு பொருந்துமாறு அமைக்கலாம். அப்போது கிராம சபையில் பேசிப் பழகியவர்களுக்குப் பேசும் இடம் தொடரும். வரி உயர்வைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் கொண்டுவரலாம். மேய்ச்சல் நிலத்தையும் குட்டையையும் வேறு பயனுக்கு மாற்றும் முன் அவ்வூராரின் கருத்தைக் கேட்கலாம்.

ஊரின் ஆவணங்கள்

இணைப்பின்போது மிக எளிதாகத் தொலைந்துபோவது ஊராட்சியின் காகிதங்கள். தீர்மானப் புத்தகம், வீட்டு வரிப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, கிராம சபைக் குறிப்பேடு ஆகியவை ஊரின் வரலாற்றுக்கு முதல்தரச் சான்றுகள். எந்த ஆண்டில் முதல் தெருவிளக்கு வந்தது, எந்தக் கிணறு எப்போது வற்றியது, எந்தத் தெருவுக்குக் குழாய் மறுக்கப்பட்டது, யார் அதைக் கேட்டார் என்பவை அவற்றில்தான் இருக்கும். இவற்றை மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ அருகிலுள்ள நூலகத்திலோ சேர்த்து, மின்படியும் எடுத்து வைத்தால் ஆய்வாளர்க்குப் பெரிதும் உதவும்.

மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது வருவாய் கிராமத்தின் அ-பதிவேடு, பழைய நில அளவை வரைபடம், தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கல்வெட்டு, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதி ஆகியவற்றைத் தேடலாம். முன்னாள் ஊராட்சித் தலைவர்களிடமும், ஏரி மடை திறந்த நீர்கட்டிகளிடமும், தோல் கொட்டகையில் வேலை பார்த்த முதியவர்களிடமும் கேட்டு எழுதலாம். காட்பாடியை அடுத்த காங்கேயநல்லூரைத் திருமுருக கிருபானந்த வாரியார் பிறந்த ஊர் என்று தமிழுலகம் அறியும். அப்படி ஒரு பெரியவர் பிறக்காத ஊர்களின் வரலாற்றை அவ்வூர்ப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். இணைப்பு ஆணையில் ஊரின் பெயர் ஒரு வரியில் வந்து போகும். அந்த ஊர் தன் மன்றத்தில் என்ன பேசியது, எதற்காகச் சண்டையிட்டது, எதைத் தானே கட்டிக்கொண்டது என்பவை அந்தத் தீர்மானப் புத்தகங்களில்தான் இருக்கின்றன. அவை பழைய காகிதக் கடைக்குப் போவதற்கு முன் அவற்றைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.